மாணவர் சலுகையாம், விலை உத்தரவாதமாம்!

“மாணவர் சிறப்புக் கட்டணம்”, “இதைவிடக் குறைந்த விலை எங்கும் இல்லை, உத்தரவாதம்”, “ரத்து செய்தால் முழுப் பணமும் வாபஸ்”. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை நம்பிப் பணம் கட்டாத தமிழ்க் குடும்பம் புசா ரோடு பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன்.

அது என்ன புசா ரோடு கணக்கு என்று கேட்காதீர்கள். ஊருக்கும் தில்லிக்கும் நடுவே அல்லாடுகிற மாணவர்களை இந்தச் சாலையில் பார்க்கிற அளவுக்கு வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே பழைய ராஜேந்திர நகர். ஐ.ஏ.எஸ். கனவோடு மதுரையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து பத்துக்கு எட்டு அறையில் முடங்கிக் கிடக்கும் பையன்கள். கொஞ்சம் தள்ளி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 1934 பூகம்பத்தில் பீகாரின் புசாவில் கட்டடம் இடிந்து, 1936-ல் தில்லிக்கு வந்து, பழைய ஊர்ப் பேரையும் கூடவே கொண்டுவந்த நிறுவனம். அங்கே ஆராய்ச்சி செய்யும் நம்ம ஊர்ப் பெண்கள். சாலையிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அங்கே பன்னிரண்டாவது முடித்து வேலூருக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகள். இவர்கள் எல்லோருக்கும் வருடத்தில் நாலு தடவையாவது டிக்கெட் வேண்டும். தேதி அவர்கள் கையில் இல்லை. கல்லூரி எப்போது மூடுகிறதோ, பரீட்சை எப்போது முடிகிறதோ, அன்றைக்குத்தான் கிளம்ப முடியும். பேரம் பேசத் தெரியாது. பணம் கட்டுவது அப்பா, அதுவும் ஆபீஸ் வேலைக்கு நடுவில், அவசரத்தில்.

வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

என் வாதம் ஒன்றுதான். போலிச் சலுகை கைபேசியில் தானே வந்து கதவைத் தட்டுகிறது. நிஜச் சலுகை ஒரு காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. இது தலைகீழாக இருக்க வேண்டும். இருக்க வைக்கலாம்.

முதலில் கணக்கு

வங்கியில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் அடுக்கு நீங்கள் அன்றாடம் பார்க்கிற அடுக்குதான்.

தில்லி - சென்னை விமானம். அடிப்படைக் கட்டணம் ரூ.4,800. வரி, விமான நிலையக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து ரூ.1,100. மொத்தம் ரூ.5,900. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சாதாரண டிக்கெட்டாக எடுத்தால், அவர்களுடைய ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ ரூ.350 சேர்ந்து ரூ.6,250.

இப்போது ஒரு செயலியில் “மாணவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி”. பத்து சதவீதம் எதில்? அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். வரியிலும் விமான நிலையக் கட்டணத்திலும் யாரும் தள்ளுபடி தருவதில்லை. ஆக, 480 குறைந்து ரூ.5,420. திரையில் பெரிய எழுத்தில் இதுதான் தெரியும். அடுத்த திரையில் கன்வீனியன்ஸ் ஃபீ ரூ.399. அதற்கடுத்த திரையில் இருக்கை, ரூ.250. அதற்கும் அடுத்து ஏற்கெனவே டிக் அடித்து வைத்த பயணக் காப்பீடு, ரூ.249. கூட்டிப் பாருங்கள்: ரூ.6,318.

சலுகை வாங்கிய மாணவன், சலுகை வாங்காத மாமாவைவிட 68 ரூபாய் அதிகம் கட்டியிருக்கிறான் :-)

“இருக்கையும் காப்பீடும் வேண்டாம் என்று விட்டிருக்கலாமே?” விடலாம்தான். விடத் தெரிய வேண்டும். இருக்கைப் படம் திரையில் வந்ததும், பணம் கட்டாவிட்டால் இருக்கையே கிடைக்காது என்று நினைக்கிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். டிக்கெட் என்று ஒன்று வாங்கிவிட்டால் செக்-இன் செய்யும்போது ஏதாவது ஓர் இருக்கை கொடுத்துத்தான் ஆக வேண்டும், நின்றுகொண்டா பறப்பார்கள்? இதை அந்தத் திரை உங்களுக்கு எடுத்துச் சொல்லாது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் கட்டணத்தில் உருப்படியான விஷயம் ஒன்று உண்டு: கூடுதல் பெட்டிச் சுமை. பல நிறுவனங்கள் 10 கிலோ அதிகம் அனுமதிக்கின்றன. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தகம், போர்வை, பாட்டி கொடுத்த முறுக்கு டின் எல்லாம் இருக்கும். அப்போது அது லாபம். கைப்பையோடு லீவுக்கு வரும் பிள்ளைக்கு அதனால் பிரயோஜனமில்லை. விமான நிலையத்தில் கல்லூரி அடையாள அட்டை கேட்பார்கள். பழைய அட்டை காலாவதியாகிப் புதிய அட்டை வராத ஜூலை மாதத்தில் இது தனித் தலைவலி.

உத்தரவாதம் என்னும் மாயமான்

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி. மகள் தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கிறாள். “சார், குறைந்த விலைக்கு கேரண்டின்னு போட்டிருக்கானே, அப்புறம் வேற இடத்துல எப்படிக் கம்மியா இருக்கும்?” என்று கேட்டார். விதிமுறைகளைத் திறந்து படித்துக் காட்டினேன். அதே விமானம், அதே தேதி, அதே வகைக் கட்டணம். வேறு தளத்தில் குறைவாக இருப்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர்கள் பார்க்கும்போதும் அந்த விலை அங்கே இருக்க வேண்டும். வங்கிச் சலுகை, கூப்பன் எல்லாம் கணக்கில் வராது. இத்தனையும் தாண்டினால், வித்தியாசம் பணமாக வராது. அடுத்த பயணத்துக்கான கூப்பனாக வரும். அந்தக் கூப்பனுக்கும் காலக்கெடு உண்டு.

மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ இது நமக்கு அவன் குடுக்கற உத்தரவாதம் இல்லை, நாம அவன்கிட்ட திரும்பி வருவோம்ங்கறதுக்கு நாம குடுக்கற உத்தரவாதம்” என்றார். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

‘விலைப் பூட்டு’ என்று இன்னொன்று. சிறு தொகை கட்டினால் இன்றைய விலையை சில நாள் பிடித்து வைப்பார்கள். பூட்டுக்கான காசு திரும்பாது. விலை ஏறினால் எவ்வளவு ஏற்றம்வரை அவர்கள் தாங்குவார்கள் என்பதற்கு ஓர் உச்சவரம்பு பொடி எழுத்தில் இருக்கும். ‘ரத்துக் கட்டணம் பூஜ்யம்’ என்பதும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு விற்கப்படும் ஒரு சரக்குதான். அதற்கும் உச்சவரம்பு, அதற்கும் நேரக்கெடு. பூஜ்யத்துக்கு விலை வைத்து விற்கிற சாமர்த்தியம் ஆரியபட்டருக்குக்கூடத் தோன்றியிருக்காது.

தங்கும் விடுதி விஷயத்தில் ‘குறைந்த விலை’ என்பதற்குள் இன்னொரு சூட்சுமம் வெளியே வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப் - கோஐபிபோ குழுமத்துக்கு ரூ.223.48 கோடி அபராதம் விதித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, விடுதிக்காரர்கள் வேறு தளங்களில் இதைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால் ‘எங்கும் இதைவிடக் குறைவில்லை’ என்பது உண்மையாகத்தான் இருக்கும். நமக்காக விலையைக் குறைத்ததால் அல்ல, மற்றவர்களைக் குறைக்க விடாததால்.

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ எனப்படும் கண்கட்டு வித்தைகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை அறிவிக்கை செய்தது. மொத்தம் 13 வித்தைகள். கொஞ்சம் கொஞ்சமாக விலையைச் சொட்டவிடுவது, கேட்காத சரக்கைக் கூடையில் நுழைப்பது, பொய் அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது என்று பட்டியல் நீள்கிறது.

அந்த அறிவிக்கையில் ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். சொட்டு விலைக்கு உதாரணம், விமான டிக்கெட்: ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும்போது அதைவிட அதிகம் வாங்குவது. கூடையில் நுழைப்பதற்குப் பயண டிக்கெட்டோடு தானாக ஒட்டிக்கொள்ளும் காப்பீடு. வெட்கப்படுத்துவதற்கும் விமான டிக்கெட்தான்: காப்பீடு வேண்டாம் என்றால் “நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்” என்ற பொத்தானை அழுத்த வைப்பது. அறிவிக்கை எழுதிய அதிகாரிகளும் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து நொந்தவர்கள்தான் போலிருக்கிறது!

2025 ஜூனில், எல்லாத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அதே ஆணையம் அறிவுறுத்தியது. தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்வது! எங்கள் வங்கியில் ஒரு கிளை மேலாளர், “என் கிளையை நானே தணிக்கை செய்துவிட்டேன், எல்லாம் சரி” என்று எழுதி அனுப்பினால் வட்டார அலுவலகத்தில் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

வெளியூரில் என்ன நிலவரம்? ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே (ஒழுங்குமுறை எண் 1008/2008) விமானக் கட்டணத்தை வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த இறுதி விலையாகத்தான் எப்போதும் காட்ட வேண்டும், கூடுதல் சேவைகளைப் பயணியே டிக் அடித்துக் கேட்டால்தான் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் முழுக் கட்டணத்தை விளம்பரப்படுத்தும் விதி 2012 ஜனவரியில் வந்தது. ஆஸ்திரேலியாவில் இதே சொட்டு விலைக் குற்றத்துக்காக 2017-ல் ஜெட்ஸ்டாருக்கு 5,45,000 டாலரும் வர்ஜின் நிறுவனத்துக்கு 2,00,000 டாலரும் நீதிமன்றம் அபராதம் போட்டது. அங்கெல்லாம் அதற்குப் பிறகும் விமானம் பறந்துகொண்டுதான் இருக்கிறது. உண்மை விலையை முதல் திரையிலேயே சொன்னதால் யாரும் கடையை மூடவில்லை.

எங்கள் தொழிலையும் விட்டுவைக்கவில்லை, விட்டுவைக்கவும் கூடாது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பார்த்துச் சொன்னது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் கூட்டிய ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. கடன் கொடுக்கிறவனைக் கட்ட முடிகிற கயிறு, டிக்கெட் விற்கிறவனை ஏன் கட்டவில்லை?

யாருக்கு வசதி?

‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்ற பேரைக் கவனியுங்கள். வசதிக் கட்டணம். கார்டில் பணம் வாங்கினால் வங்கிக்கு வியாபாரி கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் வாங்குகிறோம் என்று ஒரு காலத்தில் காரணம் சொன்னார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யூபிஐ பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரி கொடுக்கும் அந்தக் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம். அப்படியானால் யூபிஐயில் கட்டுகிற மாணவனிடம் எந்த வசதிக்கு வாங்குகிறார்கள்?

தனியாரை மட்டும் திட்டிப் பயனில்லை. அரசின் ஐ.ஆர்.சி.டி.சி. என்ன செய்கிறது? 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பின்போது நீக்கிய கட்டணத்தை 2019 செப்டம்பர் 1 முதல் மறுபடி கொண்டுவந்தது. ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு ரூ.15, ஏசிக்கு ரூ.30. யூபிஐ என்றால் 10, 20. எல்லாவற்றுக்கும் மேலே ஜி.எஸ்.டி. டிக்கெட்டை ரத்து செய்தால் இது திரும்பாது. வேறு செயலி வழியாக எடுத்தால் அந்தச் செயலியின் சேவைக் கட்டணமும் தனி. சின்னத் தொகைதானே? 2021-22 ஒரே வருடத்தில் இந்தச் சின்னத் தொகை ரூ.694 கோடி சேர்ந்தது என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். 2021 அக்டோபர் கடைசியில் இதில் பாதியை ரயில்வேக்குத் தர வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் ஐ.ஆர்.சி.டி.சி. பங்கு சடசடவென்று சரிந்தது. மறுநாளே அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். வசதி யாருக்கு என்பதைப் பங்குச் சந்தை நமக்கு ஒரே நாளில் விளக்கிவிட்டது.

நிஜச் சலுகை எங்கே?

இப்போது முக்கியமான விஷயம். 2020 மார்ச்சில் ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியது. மூத்த குடிமக்கள் சலுகை அப்போது போனதுதான். ஆனால் மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளில் சில பிரிவினர், மாணவர்கள் ஆகியோரின் சலுகை தொடர்ந்தது. சொந்த ஊருக்குப் போகவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் 50 சதவீதம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். ஏசியில் கிடையாது, ராஜதானியில் கிடையாது, தத்காலில் கிடையாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. ஸ்லீப்பரில் உண்டு.

கல்லூரி முதல்வரோ தலைமை ஆசிரியரோ கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தோடு முன்பதிவுக் கவுண்டருக்கு நேரில் போக வேண்டும். இணையத்தில் இந்தச் சலுகையை எடுக்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். 10 சதவீதப் போலிச் சலுகையை இரண்டு தட்டலில் எடுக்கலாம். 50 சதவீத நிஜச் சலுகைக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு நாள், கவுண்டர் வரிசையில் ஒரு நாள். வார்டன் அறைச் சுவரிலோ கல்லூரிப் பலகையிலோ இதைப் பற்றி ஓர் அறிவிப்பையாவது பார்த்திருக்கிறீர்களா? படிவப் புத்தகம் தங்கள் அலுவலக அலமாரியில் இருப்பதே தெரியாத குமாஸ்தாக்கள் உண்டு.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. மூத்த குடிமக்கள் சலுகை இருந்த காலத்தில் இணையத்தில் வயதைப் போட்டாலே கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் ரயில்வே தரும் அடையாள எண்ணை வைத்து இணையத்திலேயே எடுக்கிறார்கள். மாணவர்களுக்கு ‘அபார்’ என்று நாடு முழுக்க ஓர் எண் கொடுக்கிறார்கள், சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கரில் வைக்கிறார்கள். இந்த இரண்டையும் இணைத்தால் சலுகை மாணவன் கைக்கு வந்துவிடும். இணைக்கவில்லை. கேட்கிறவர் இல்லாததால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிச் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை வரும்போது பெற்றோர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ரயில் டிக்கெட் மாணவர் சலுகையில் எடுத்ததா, முழுக் கட்டணத்திலா? அதையும் எழுத்தில் கேளுங்கள்.

“இதற்கெல்லாமா இவ்வளவு புலம்பல்?”

“ஐநூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறாயே” என்பார்கள். மேலே போட்ட கணக்கில் ஒட்டிக்கொண்டவை மட்டும் ரூ.898. வருடத்துக்கு நாலு டிக்கெட், நாலு வருடப் படிப்பு: பதினாறு தடவை. ரூ.14,368. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

லாபம் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காமர்ஸ் படித்தவன் அப்படிச் சொன்னால் வாத்தியார் அடிப்பார். கட்டணம் வாங்கு, ஆனால் முதல் திரையிலேயே சொல்லிவிட்டு வாங்கு. கரோல்பாக் காய்கறிக்காரர் கிலோ நாற்பது என்று சொல்லிவிட்டு, பையில் போட்ட பிறகு தராசுக் கட்டணம், பைக் கட்டணம், நின்ற கட்டணம் என்று கேட்டால் நாம் சும்மா இருப்போமா? கைபேசிக்காரனிடம் மட்டும் ஏன் இந்தப் பெரிய மனது?

நாம் செய்யக்கூடியது

திரையில் பெரிதாகத் தெரியும் எண்ணை ஒப்பிடாதீர்கள். பணம் கட்டும் பொத்தானில் எழுதியிருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டு தளங்களில் அந்தப் பொத்தான்வரை போய், இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். அதே நாளில் அதே விமானத்தின் சாதாரணக் கட்டணத்தையும் பாருங்கள். ‘2 இருக்கைகள்தான் பாக்கி’ என்றால் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

டிக்கெட் ‘திரும்பப் பெற முடியாதது’ என்றாலும் ரத்து செய்யும்போது அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பணத்தை ‘கிரெடிட்’டாக வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம் மட்டுமே, அவர்களாக அப்படிச் செய்ய முடியாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. கேட்டால்தான் வரும்.

கேட்டும் வராவிட்டால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், இந்தி தடுமாறும் பாட்டிகூடப் புகார் கொடுக்கலாம். விமானப் புகார் என்றால் ஏர்சேவா தளமும் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கிற ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்த தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கி ஒதுங்கியே பழகிவிட்டோம். வாடகை, பள்ளி, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தைத்தான் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் காசாக்குகிறார்கள். நாம் பார்க்க நம் பிள்ளைகளும் அதையே கற்றுக்கொள்கிறார்கள்: ‘போனால் போகட்டும்ப்பா, நேரமாச்சு, தட்டிவிடு.’ நேரமானால் ஆகட்டும். தட்டுவதற்கு முன் கூட்டிப் பார்க்கட்டும்.

பி.கு.: ஜூனில் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர்கள், அட்மிஷன் அன்றே அலுவலகத்தில் “ரயில் சலுகைப் படிவம் யாரிடம் வாங்க வேண்டும்?” என்று கேட்டு, அந்த மேஜை எது என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். பத்து பெற்றோர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள்.